ரைசோமைப் புதைக்காதீர்கள்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பூசே வேர் பிடிக்கும் வழி

கேள்வியின் சுருக்கம் இது. இரண்டடி நீள மீன் தொட்டி, அடியில் இரண்டு அங்குலச் சரளை. அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், பூசேஃபலாண்ட்ரா மூன்றையும், கூடவே ஓர் அமேசான் ஸ்வார்டையும் வாங்கி, சரளையில் குழி எடுத்து நட்டு மூடியிருக்கிறீர்கள். மூன்றே வாரத்தில் அனுபியாஸ் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கின்றன. அடியைத் தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது, நாறுகிறது. ஜாவா ஃபெர்ன் இலையின் பின்பக்கம் கறுப்புப் புள்ளிகள். பூசே மொட்டையாக நிற்கிறது. மண்ணை மாற்றவா, வேருக்கு உரம் தரும் வேர் மாத்திரை வைக்கவா, எப்படி நட்டால் வேர் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மண்ணில் குறை இல்லை. மாத்திரையும் வேண்டாம். புதைக்கக் கூடாத ஒன்றைப் புதைத்ததுதான் காரணம். இந்த மூன்று செடியிலும் இலைகளெல்லாம் ஒரு படுத்த தண்டிலிருந்து புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ரைசோம். பள்ளியில் மட்டநிலத்தண்டு என்று படித்தோமே, இஞ்சியும் மஞ்சளும் எடுத்துக்காட்டு என்று, அதே வகை. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. இஞ்சியை மண்ணுக்குள்தானே நடுகிறோம், இதை ஏன் நடக்கூடாது? இஞ்சிக்குப் பாத்தியை மேடாக எடுத்து வடிகால் விடுவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகல் வந்து பாத்தியே போய்விடும். மண்ணின் இடுக்கில் காற்று இருக்கிற வரைதான் அந்தக் கிழங்குக்கு உயிர். மீன் தொட்டியின் சரளையோ எந்நேரமும் தண்ணீர் தேங்கிய பாத்தி. மேலாக உள்ள கொஞ்ச ஆழத்தைத் தாண்டினால் அங்கே தண்ணீர் நகர்வதே குறைவு. மீன் கழிவும் தின்னாத தீனியும் உள்ளே இறங்கி மட்கும்போது, இருக்கிற ஆக்ஸிஜனையும் பாக்டீரியா தீர்த்துவிடும். ரைசோம் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் தண்டு. மூச்சு முட்டி அதன் சதை செத்தால், சேர்த்து வைத்த மாவே அழுகலுக்குத் தீனியாகிவிடும்.

இவை வளரும் இடத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அனுபியாஸ் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைக் கரைகளுக்குச் சொந்தமானது. நம் சேம்பின் குடும்பம். பூசேயும் அதே குடும்பம்தான், போர்னியோ தீவில் மட்டும் இயற்கையாக வளர்வது. ஜாவா ஃபெர்ன் பெரணி வகை, இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை ஓடையோரங்களில் காணப்படுவது. மூன்றுமே பெரும்பாலும் பாறையிலும் விழுந்து கிடக்கும் மரத்திலும் தொற்றிக்கொண்டு, ஓடும் தண்ணீரும் தெறிக்கும் சாரலும் படுகிற இடத்தில் வாழ்பவை. வேரின் முதல் வேலை பிடித்துக்கொள்வது. சத்தின் பெரும்பகுதியை இலை தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தச் செடிகளுக்கு ‘நடுவது’ என்றால் கட்டுவது அல்லது ஒட்டுவது என்றுதான் பொருள். ஆப்பிரிக்கப் பெரணியான போல்பிட்டிஸுக்கும் இதே விதி.

முதலில் உள்ளதைக் காப்பாற்றுவோம். இன்றே மூன்றையும் வெளியே எடுங்கள். இலையைப் பிடித்து இழுக்காமல், விரலால் சரளையை ஒதுக்கி அடியோடு தூக்குங்கள். வாளித் தண்ணீரில் அலசிவிட்டு, ரைசோமைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல பகுதி பச்சை இஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும். அழுகிய இடத்தில் விரல் அமுங்கும், தோல் வழுக்கும், பழுப்பாகச் சாறு கசியும். கெட்டியான பகுதி தொடங்கும் இடத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளிப் புது பிளேடால் வெட்டுங்கள். அனுபியாஸாக இருந்தால் வெட்டுமுகம் முழுக்க வெளிர் பச்சையாகவோ பாலேடு நிறத்திலோ இருக்க வேண்டும். நடுவில் பழுப்பாக ஒரு வளையமோ புள்ளியோ தெரிந்தால் அழுகல் இன்னும் உள்ளே இருக்கிறது. பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி வெட்டுங்கள். இதில் இரக்கம் பார்த்து விட்டுவைத்த அரை செ.மீ. அழுகல், ஒரே வாரத்தில் மீதியையும் எடுத்துக்கொள்ளும்.

வெட்டியதை உடனே ஒட்ட வேண்டாம். தனி வாளியில், பழகிய தொட்டித் தண்ணீரில், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்று போட்டு, வெயில் படாத வெளிச்சத்தில் ஒரு வாரம் மிதக்க விடுங்கள். அழுகல் திரும்ப வருகிறதா என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இரண்டு செ.மீ. நீளமும் இரண்டு இலையும் மிஞ்சினால்கூட அனுபியாஸ் மீண்டு வரும். இலையே இல்லாத கெட்டித் துண்டையும் எறியாதீர்கள். மிதந்தபடியே சில வாரத்தில் பக்கவாட்டில் பச்சையாக ஒரு முளை காட்டும்.

பூசே மொட்டையானது வேறு விஷயமாகவும் இருக்கலாம். தண்ணீர் மாறினாலே, வெப்பம் திடீரென ஏறினாலே, இருக்கிற இலை முழுவதையும் உதிர்ப்பது அதன் சுபாவம். இவ்வகைச் செடிகளைப் பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் போனதும் காற்றில் விட்ட பழைய இலைகள் பயன்படாமல் போகும். அவற்றைக் கரைத்துவிட்டு, தண்ணீருக்கேற்ற புது இலையை விடும். ரைசோம் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் முனையில் ஊசி மாதிரிச் சுருண்ட குருத்து வரும். அதுவரை அந்த மொட்டைக் குச்சியைத் தினமும் எடுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் முக்கியம்.

ஜாவா ஃபெர்னின் கறுப்புப் புள்ளிகளுக்காக ஒரு இலையையும் வெட்டாதீர்கள். இலையின் பின்பக்கம், நரம்புகளுக்கு நடுவே, மேடாக, பழுப்பு அல்லது கறுப்பாகப் புள்ளிகள் இருந்தால் அவை வித்துப் பைகள். பெரணிக்கு விதை கிடையாது, இவைதான் அதன் இனப்பெருக்கம். சில வாரத்தில் அதே முதிர்ந்த இலையின் நுனியிலோ ஓரத்திலோ குட்டிச் செடிகள் கிளம்பலாம். கறுப்பு நூல் போன்ற வேரும், விரல் நகம் அளவு இலைகளும் இருக்கும். நோய் என்று நினைத்து வெட்டி எறியப்படுபவை பலமுறை இந்தத் தாய் இலைகள்தான். உண்மையான கோளாறு வேறு மாதிரி இருக்கும். புள்ளி மேடாக இல்லாமல் இலை அங்கே கண்ணாடி போலாகி, பின் ஓட்டை விழும். அதைச் சத்து பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

இனி எதன் மேல் வைப்பது. சொரசொரப்பும் சின்னச் சின்னக் குழியும் உள்ள எதுவும் நல்லது. எரிமலைக் கல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை, வேர் ஒவ்வொரு துளைக்குள்ளும் நுழைந்துகொள்ளும். கருங்கல் ஜல்லியில் உடைந்த முகம் பிடிக்கும், வழவழப்பான கூழாங்கல்லில் பிடிப்பு தாமதமாகும். பழைய நாட்டு ஓட்டுச் சில்லு, வண்ணமும் மெருகும் பூசாத மண் தொட்டி உடைந்த துண்டு, நார் நீக்கிய கொட்டாங்குச்சி எல்லாமே பயன்படும். தெரியாத கல் என்றால் அதன் மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் அதைப் பொறுத்துக்கொள்ளும், பூசேயும் போல்பிட்டிஸும் அவ்வளவாக விரும்பாது. மரக்கட்டை என்றால் பட்டை முழுக்க உரிந்து, நன்றாகக் காய்ந்த கெட்டி மரமாக இருக்கட்டும். நகத்தால் கீறினால் உதிர்கிற கட்டையில் வேர் பிடித்தாலும் பிடித்த மேல்தோலோடு சேர்ந்து கழன்றுவிடும். கட்டையை இரண்டு வாரம் ஊறப்போட்டு, அவ்வப்போது தண்ணீர் மாற்றி, தானாக மூழ்கிய பிறகே செடியைக் கட்டுங்கள். புதுக் கட்டையில் வெள்ளையாகச் சளி மாதிரிப் படர்வது கட்டை விடும் சத்தை உண்ணும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். மீனுக்குக் கெடுதல் இல்லை, சில வாரத்தில் போய்விடும். ஆனால் அது இருக்கும்போதே செடியை ஒட்டினால் ரைசோம் அந்தச் சளிக்குள் மூடிக் கிடக்கும்.

செடியைத் தயார் செய்வதில் பலர் தவறவிடுவது வேரைத்தான். கடையிலிருந்து வரும் அனுபியாஸில் பத்து, பன்னிரண்டு செ.மீ. நீளத்துக்கு வெள்ளை வேர் தொங்கும். அதை அப்படியே கட்டையைச் சுற்றிக் கட்டினால் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றும். முதிர்ந்த வேர் புதிதாக எதையும் பற்றுவது அரிது. பற்றுவது, இனிமேல் ரைசோமிலிருந்து கிளம்பும் புது வேரின் நுனி. ஆகவே பழைய வேரை இரண்டு, மூன்று செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள். மிச்சம் உள்ளது கட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஒரு பிடி, அவ்வளவே. குட்டிச் சட்டியில் வந்திருந்தால் ராக்வூல் பஞ்சை வாளித் தண்ணீருக்குள் வைத்துப் பிய்த்து, ரைசோமின் அடியில் ஒட்டியிருக்கும் கடைசி இழை வரை எடுத்துவிடுங்கள். அந்தப் பஞ்சுக்குள் மறைந்திருக்கும் ரைசோமும் புதைத்த ரைசோம்தான். கடையில் ஈயப் பட்டை சுற்றிக் கொடுத்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். அது நசுக்கிய இடத்தில்தான் பெரும்பாலும் முதல் அழுகல் தொடங்கும். மஞ்சளான, ஓட்டை விழுந்த இலைகளைக் காம்போடு ரைசோம் ஓரத்தில் வெட்டுங்கள், பிய்க்காதீர்கள்.

கட்டும் முறை. தூண்டில் நரம்பு 0.2 மி.மீ. போதும், கண்ணுக்கே தெரியாது. ரைசோமின் அடிப்பகுதி கட்டையில் படும்படி வைத்து, வளரும் முனை எந்தப் பக்கம் வெற்றிடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கட்டும். முனை என்பது இளம் இலை புறப்படும் பக்கம். அது சுவரையோ கட்டையையோ முட்டிக்கொண்டிருந்தால் செடி வளைந்து நிமிர்ந்து, பிடிப்பை விட்டுவிடும். இலைக்காம்புகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் இரண்டு சுற்று, ஆடாமல் இருக்கும் அளவு இறுக்கம் போதும். நரம்பு ரைசோமின் தோலுக்குள் பதிந்தால் அதிகம். பருத்தி நூலை ஜாவா ஃபெர்னுக்குப் பயன்படுத்தலாம், ஒன்றிரண்டு மாதத்தில் அதுவே இற்றுப் போகும். அனுபியாஸுக்கு அந்தக் காலம் போதாது, நூல் இற்ற அன்று செடி மேலே மிதக்கும். ரப்பர் பேண்டு வேண்டாம், விரைவில் பிய்ந்துவிடும். வீட்டில் கிடைக்கிறதே என்று வயருக்குள் இருக்கும் செம்புக் கம்பியால் மட்டும் கட்டிவிடாதீர்கள். தண்ணீரில் கரையும் செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும்.

ஒட்டுவது இதைவிட வேகம். சயனோஅக்ரிலேட் பசை, அதாவது சூப்பர் குளூ, இறுகியபின் தொட்டிக்குப் பாதுகாப்பானது. ஜெல் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஃபெவிக்விக் மாதிரித் தண்ணீராக ஓடும் வகை ரைசோம் முழுக்கப் பரவிவிடும், பசை வைத்த இடத்தில் நிற்காது. கல்லின் மேல்முகத்தைத் துணியால் துடைத்து ஈரத்தைக் குறையுங்கள். செடியின் வேர்ப்பக்கத்தை டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். பாசிப்பயறு அளவுக்குப் பசை, இரண்டு அல்லது மூன்று புள்ளி, வெட்டிய வேர்கள் கொத்தாக இருக்கும் இடத்திலும் ரைசோமின் அடியிலும். வளரும் முனையில் ஒரு துளியும் படக்கூடாது. கல்லில் வைத்து, அசைக்காமல், முப்பது வரை எண்ணுங்கள். விரலை எடுத்து, இலை வாடாதிருக்க ஸ்பிரே பாட்டிலால் நனைத்துவிட்டு, ஓரிரு நிமிடம் கழித்துக் கல்லோடு தண்ணீரில் இறக்குங்கள். ஈரம் பட்டதுதான் இந்தப் பசையை இறுக வைப்பது. ஆகவே தண்ணீரில் இறங்கியதும் பசையின் மேல் வெள்ளையாக ஒரு தோல் பூக்கும். பயப்பட ஒன்றுமில்லை, பாசி படிந்ததும் மறைந்துவிடும். ரைசோமின் முழு அடியையும் பசையால் மெழுகினால், புது வேர் வெளிவர வழியே இல்லாமல் போகும். ஒட்டி ஆறு மாதம் ஆகியும் பிடிக்கவில்லை என்பவர்களின் செடியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. திரவப் பசையைப் பஞ்சிலோ டிஷ்யூவிலோ நனைத்து இடைவெளியை நிரப்பும் வித்தை கல்லோடு கல்லை ஒட்டுவதற்கு உரியது. பருத்தியும் சயனோஅக்ரிலேட்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும், புகையும் வரும், விரல் சுடும். செடிக்குப் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள்.

செடி தரையிலிருந்து முளைத்த மாதிரி இருக்க வேண்டும் என்று விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. எலுமிச்சை அளவுக் கல்லில் செடியை ஒட்டி, கல்லை மட்டும் சரளையில் பாதி புதையுங்கள். ரைசோம் சரளை மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். நாளடைவில் வேர்கள் கல்லைத் தாண்டி மண்ணுக்குள் தாமாக இறங்கும். அது நல்லதுதான். அனுபியாஸின் வேர் மண்ணுக்குள் போகலாம், தண்டுதான் போகக் கூடாது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் ‘மண்ணில் வைக்காதே’ என்று மட்டும் கேட்டவர்கள், மண்ணை நோக்கி இறங்கும் வேரையும் வெட்டிவிடுகிறார்கள். அது தேவையில்லை.

இனி காத்திருப்பு. கட்டிய முதல் மூன்று வாரம் வெளியே ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு பழைய இலை மஞ்சளாகலாம். அனுபியாஸில் நான்காவது, ஐந்தாவது வாரம் ரைசோமின் பக்கத்தில் வெள்ளையாக, சில சமயம் பச்சை நுனியோடு, தடித்த ஒரு மொட்டு மாதிரிக் கிளம்பும். அதுதான் முதல் புது வேர். அது கல்லைத் தொட்டதும் தட்டையாகப் படிந்து, நுண்ணிய வேர்த்தூவிகளால் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒட்டியதை இழுத்தால் தூவி அறுந்துவிடும், அந்த நுனி மறுபடி ஒட்டாது, செடி இன்னொரு வேரை முதலிலிருந்து விட வேண்டும். அதனால்தான் வாரா வாரம் இடம் மாற்றிப் பார்ப்பவர்களின் தொட்டியில் செடி உயிரோடு இருந்தும் வேர் பிடிப்பதில்லை. அனுபியாஸும் பூசேயும் நன்றாகப் பிடிக்க இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகும். ஜாவா ஃபெர்ன் ஒன்றரை, இரண்டு மாதத்தில் பிடித்துவிடும். அதன் வேர் பழுப்பு ரோமம் மாதிரி இருக்கும், காய்ந்து போனது போலவே தோன்றும். அதுவே அதன் இயல்பு நிறம். நரம்பை எடுக்க விரும்பினால் மூன்று மாதம் கழித்து இலையை அல்ல, ரைசோமை லேசாகத் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் வெட்டலாம். நானாவில் மாதம் ஒரு இலை வந்தாலே செடி நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இந்த மெதுவான வளர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. ஒரே இலை ஓராண்டுக்கும் மேல் நிற்பதால் பாசி அதில் குடியேற நிறைய அவகாசம் கிடைக்கிறது. உங்கள் தொட்டிக்கு 10 முதல் 15 வாட் எல்.இ.டி., நாளுக்கு ஆறு, ஏழு மணி நேரம் தாராளம். அனுபியாஸை விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் கட்டையின் நிழலிலோ உயரமான செடியின் அடியிலோ வையுங்கள். இலையில் நகத்தால் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள் வந்தால் வெளிச்சம் அதிகம், அல்லது பாஸ்பேட் மிகவும் குறைவு. ஓரத்தில் கறுப்புத் தாடி மாதிரிப் பாசி வந்தால், செடியைக் கல்லோடு வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் அந்த இடத்தில் மட்டும் தடவி, அனுபியாஸுக்கு இரண்டு, மூன்று நிமிடம், ஜாவா ஃபெர்னுக்கு ஒரு நிமிடம் விட்டு, அலசி வையுங்கள். மருந்துக் கடைப் புட்டியில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பாசி சிவந்து, பின் வெளுத்து, சில நாளில் உதிரும். மிகவும் மூடிப்போன முதிர்ந்த இலையை வெட்டிவிடுவதே மேல்.

சத்துக்கு வருகிறேன். சரளைக்குள் புதைக்கும் வேர் மாத்திரை கட்டையின் மேல் இருக்கும் செடிக்கு எட்டாது, தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும். உங்கள் தொட்டி இரண்டடிக்கு ஒரு அடிக்கு ஒன்றேகால் அடி என்றால் கணக்குப்படி 70 லிட்டர், சரளையும் மேல் இடைவெளியும் போக சுமார் 55 லிட்டர். மீன் ஓரளவு இருந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தீனியிலிருந்தே வரும், குறைவது பெரும்பாலும் பொட்டாசியம். ஜாவா ஃபெர்னின் பழைய இலையில் ஊசிக் குத்து மாதிரி ஓட்டைகள் விழுந்து, சுற்றிலும் மஞ்சளாவது அதைத்தான் காட்டும். உரக்கடையில் 0-0-50 என்று கிடைக்கும் பொட்டாசியம் சல்பேட் ஒரு கிராமைக் கரைத்து ஊற்றினால் 55 லிட்டரில் சுமார் 8 பிபிஎம் (லிட்டருக்கு 8 மில்லிகிராம்) பொட்டாசியம் ஏறும். வாரம் ஒரு முறை, தண்ணீர் மாற்றிய பிறகு, அது போதும். மீன் மிகக் குறைவாக இருந்து, பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் 13-0-45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். ஒரு கிராம் போட்டால் சுமார் 11 பிபிஎம் நைட்ரேட்டும் 7 பிபிஎம் பொட்டாசியமும் கிடைக்கும். புது இலை மட்டும் வெளுத்தால் இரும்பு சேர்ந்த நுண்சத்துக் கலவை. கடைக்காரர் 19-19-19 கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கிறது, தொட்டியில் அம்மோனியா ஏறி மீன்கள் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு உருளை இந்தச் செடிகளுக்குக் கட்டாயமில்லை.

நம் கோடையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி வரை போகும். அனுபியாஸ் தாங்கும், ஆனால் வளர்ச்சி நிற்கும். ஜாவா ஃபெர்னும் பூசேயும் 28க்கு மேல் பல நாள் நீடித்தால் கரையத் தொடங்கும். வெப்பம் ஏறியிருக்கும்போது தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு என்பதால், சின்னக் காயம்கூட அழுகலாக மாறும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வெட்டுவது, பிரிப்பது எதுவும் வேண்டாம். தண்ணீரின் மேல்முகத்தில் சாய்வாக ஒரு சின்ன மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டிக்கொண்டே இருங்கள். ஃபில்டரின் ஓட்டம் ரைசோமின் மேல் மெல்லப் பட்டால் குப்பை தங்காது. பிடிக்காத செடியை ஆட்டும் அளவுக்கு வேகம் கூடாது.

மீன் பற்றி ஒரு வார்த்தை. அனுபியாஸில், சேம்பில் நாக்கு அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன. அதனால் கோல்டு ஃபிஷ் கூட அதைத் தின்பதில்லை. ஆனால் ஒட்டிய புதிதில் முட்டி முட்டியே பிடுங்கிவிடும். இலையின் மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு வலை மாதிரி நரம்பு தெரிந்தால் அது சத்துக் குறை அல்ல, சக்கர் மீனின் வேலை.

பெருக்குவதற்கு அவசரம் வேண்டாம். ரைசோமில் எட்டு, பத்து இலை வந்தபின், ஒவ்வொரு துண்டிலும் நாலு இலையாவது நிற்கும்படி வெட்டுங்கள். செடியை எடுக்கவே மனமில்லை என்றால், இருந்த இடத்திலேயே ரைசோமின் தடிமனில் முக்கால் பங்கு வரை பிளேடால் வெட்டுப் போட்டு விட்டுவிடலாம். வெட்டுக்குப் பின்பக்கத்தில் தூங்கும் கணு விழித்து, ஒன்றிரண்டு மாதத்தில் புதுக்கிளை வரும். ஜாவா ஃபெர்ன் குட்டிகளுக்கு மூன்று, நான்கு இலையும் இரண்டு செ.மீ. வேரும் வந்ததும் தாயிலையிலிருந்து விரலாலேயே கழற்றி, இன்னொரு கல்லில் கட்டலாம்.

அமேசான் ஸ்வார்டை மட்டும் எடுக்காதீர்கள். அது வேரால் தின்னும் செடி, சரளையில்தான் இருக்க வேண்டும். வெள்ளை வேர் முழுதும் உள்ளே போய், இலைகள் கூடும் கழுத்து சரளைக்குச் சற்று மேலே தெரிகிறதா என்று பாருங்கள். கழுத்து மூடியிருந்தால் செடியை மெல்ல ஒரு செ.மீ. மேலே இழுத்துவிடுங்கள். வேர் மாத்திரை வாங்கியிருந்தீர்களானால் இதற்கு வையுங்கள். செடியிலிருந்து மூன்று, நான்கு விரல் தள்ளி, சரளையின் அடி வரை ஆழமாக, மூன்று மாதத்துக்கு ஒன்று.